வட்டி இல்லாத வங்கிக்குள்ளே ரெப்போ ரேட் எப்படி வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

என் ஊர் கல்லங்குறிச்சி. அரியலூர் பக்கத்துல. கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் உள்ள ஊர்னு சொன்னா அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓடிக்கிட்டே இருக்கும். விளைச்சல் வந்தா அதுல ஒரு பங்கைப் பெருமாளுக்குத் தானியமாவே கொண்டுவந்து கொட்டுற வழக்கம் இருக்கு.

எங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவர் பேச்சுல மூணு வார்த்தை அடிக்கடி வரும். வாரம், குத்தகை, ஒத்தி. சின்ன வயசுல இதெல்லாம் கிழவங்க சங்கதின்னு நினைச்சேன். இப்போ மத்திய வங்கியைப் பத்திப் படிக்கும்போது இந்த மூணும்தான் எனக்குக் கை கொடுக்குது. மூணையும் மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ரெண்டு பேருக்கு நடுவில் நடந்த ஒரு பேச்சு. ஒருத்தர் என் அண்ணன். இன்னொருத்தர் என் காலேஜ் நண்பனோட அத்தா. அவங்க ஊர் பெரம்பலூர் மாவட்டத்துல வெள்ளாற்றுக் கரையில் இருக்கிற லெப்பைக்குடிக்காடு. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் நிறைய பேர் போய்ச் சம்பாதிச்ச ஊர்.

அண்ணன் 2022 தொடக்கத்துல வீட்டுக் கடன் வாங்கினார். 20 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம். மாசத் தவணை சுமார் 15,500 ரூபாய். அந்த வருஷம் மே மாசம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்த ஆரம்பிச்சது. 4 சதவீதமா இருந்த ரெப்போ ரேட் 2023 பிப்ரவரியில் 6.5 ஆச்சு. ஒன்பதே மாசத்துல ரெண்டரை சதவீதம். அண்ணனோட கடன் 9.5 சதவீதத்துக்குப் போச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. 20 லட்சத்துக்கு 9.5 சதவீதம்னா ஒரு மாச வட்டி மட்டுமே சுமார் 15,800. தவணையை விட வட்டி பெரிசு! நடுவுல அசல் கொஞ்சம் குறைஞ்சிருந்தது, உண்மைதான். ஆனாலும் கட்டுற பணம் வட்டிக்கே சரியாப் போச்சு. வங்கிக்குப் போய்க் கேட்டப்போதான் அவருக்கு விஷயமே தெரிஞ்சது. தவணையை ஏத்தாம, காலத்தை நீட்டிக்கிட்டே போயிருக்காங்க. "ரிட்டயர் ஆன பிறகும் கட்டணும் போலிருக்கே"ன்னு வந்து உட்கார்ந்தார்.

அதைக் கேட்டுட்டு நண்பனோட அத்தா சொன்னார்: "எங்க முறையில இந்தத் தொல்லையே கிடையாது தம்பி. வட்டியே இல்லைன்னா அவன் ஏத்துனா என்ன, இறக்குனா என்ன?"

அண்ணன் விடலை. "சரிங்க மாமா, உங்க பணம் எங்க இருக்கு?"ன்னு கேட்டார்.

அவர் வாய் திறக்கலை. விஷயம் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுல உழைச்ச காசுல பெரும்பகுதியை, வட்டியே வராத கரன்ட் அக்கவுன்ட்டில் பத்து வருஷத்துக்கு மேல வெச்சிருந்தார். வட்டி வாங்கக் கூடாதுங்கிறது அவரோட நம்பிக்கை. விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா, 10 லட்சத்தோட வாங்கும் சக்தி பத்து வருஷத்துல 6 லட்சத்துச் சில்லறை ஆயிடும். யாரும் திருடலை. ஆனா கிட்டத்தட்ட நாலு லட்சம் காணோம்.

வட்டி கட்டுற அண்ணனுக்கும் அடி, வட்டி வாங்காத மாமாவுக்கும் அடி. அப்போ வட்டி இல்லாத வங்கின்னு ஒண்ணு இருந்தா அது ரெண்டு பேரையும் காப்பாத்துமா? ரெப்போ ரேட் அந்த வங்கிக்குள்ள வராதா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல ரெப்போ ரேட். வங்கிகளுக்கு அவசரமாப் பணம் தேவைப்பட்டா, கையில் இருக்கும் அரசுக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கிகிட்ட ஒப்படைச்சு ஒரு நாள், ரெண்டு நாளுக்குப் பணம் வாங்கும். அதுக்கான வட்டிதான் ரெப்போ. மத்த எல்லா வட்டிக்கும் அதுதான் அடிப்படை அளவுகோல். 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் வங்கிகள் கொடுக்கிற புது வீட்டுக் கடன், வாகனக் கடன் எல்லாத்தையும் வெளியில் உள்ள ஓர் அளவுகோலோடு கட்டணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு கட்டின. அதனாலதான் மும்பையில் எடுத்த முடிவு அண்ணனோட தவணையில் நேரா வந்து விழுந்தது. விலைவாசியை 4 சதவீதத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கணும். ரொம்பப் போனா 2 சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். அதுதான் ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்திருக்கும் வேலை. விலை ஏறினா பணத்தோட விலையை ஏத்துவாங்க. கடன் வாங்குறது குறையும், செலவு குறையும், விலை அடங்கும். பணக் கொள்கைங்கிறது சுருக்கமா இதுதான்.

இப்போ தாத்தாவோட ஒத்திக்கு வரலாம். சென்னையில் இருக்கிறவங்க இதை 'லீஸுக்கு வீடு'ன்னு சொல்வீங்க, சில இடத்துல போக்கியம். வீட்டுக்காரருக்கு மொத்தமா 5 லட்சம் கொடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கலாம். காலி பண்ணும்போது 5 லட்சமும் திரும்ப வந்துடும். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. பத்திரத்துல வட்டிங்கிற வார்த்தையே கிடையாது.

ஆனா அந்த 5 லட்சம் எப்படி முடிவாச்சு? வீட்டுக்கு மாச வாடகை 5,000 தேறும்னா வருஷத்துக்கு 60,000. வெளியில் பணத்துக்கு வருஷம் 12 சதவீதம் நடந்தா, 60,000 கிடைக்க 5 லட்சம் வேணும். அதே ஊர்ல பணத்தோட விலை 10 சதவீதமா இறங்கிட்டா? வீட்டுக்காரர் 6 லட்சம் கேட்பார். வட்டிங்கிற வார்த்தை இல்லாட்டியும், ஒத்திப் பணத்தைத் தீர்மானிக்கிறது வட்டிதான்.

இதை மாமாகிட்ட சொன்னப்போ அவர் சிரிச்சார். "ஒத்தியும் எங்களுக்கு ஆகாதுன்னுதான் ஆலிம்கள் சொல்றாங்க. கடன் கொடுத்தவன் அந்தக் கடனால ஒரு பலனை அனுபவிச்சா அதுவும் வட்டிதான்." அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. இஸ்லாமியச் சட்டம் வார்த்தையைப் பார்க்கலை, உள்ளடக்கத்தைப் பார்க்குது. 'ரிபா'ன்னு அவங்க சொல்றது கடன் மேல் வாங்கும் உபரி எல்லாத்தையும்.

அப்போ எது கூடும்? ரெண்டு வழி.

முதல் வழி, நம்ம வாரம்தான். நிலம் ஒருத்தருக்கு, உழைப்பு இன்னொருத்தருக்கு, விளைஞ்சதுல பங்கு. விளையலைன்னா ரெண்டு பேருக்கும் இல்லை. இதைப் பணத்துக்குப் பொருத்தினா 'முதாரபா'. பணம் ஒருத்தர் போடுவார், தொழிலை இன்னொருத்தர் நடத்துவார். லாபம் முன்கூட்டிப் பேசின விகிதத்துல பிரியும். நஷ்டம் வந்தா பணம் போட்டவருக்குப் பணம் போச்சு, உழைச்சவருக்கு உழைப்பு போச்சு.

ரெண்டாவது வழி விற்பனை. அதுக்குப் பேர் 'முராபஹா'. உங்களுக்கு டிராக்டர் வேணும். வங்கி உங்களுக்குக் கடன் தராது. டிராக்டரைத் தானே வாங்கி, லாபம் சேர்த்து உங்களுக்குத் தவணையில் விற்கும். வாங்கின விலையையும் லாபத்தையும் உங்ககிட்டச் சொல்லிடணும். விலை பேசி முடிச்சா முடிஞ்சது, அப்புறம் ஏத்த முடியாது. வாடகைக்கு விடுற 'இஜாரா'வும் உண்டு. தாத்தா பாஷையில் குத்தகை மாதிரி.

வாரம்தான் உயர்ந்த வழின்னு புத்தகங்கள் சொல்லும். ஆனா உலகம் முழுக்க இஸ்லாமிய வங்கிகள் அதிகமா நடத்துறது விற்பனையும் குத்தகையும்தான். ஏன்னா வாரத்துக்கு விட்ட பணம் குறையவும் செய்யலாம். "என் சேமிப்பு இந்த வருஷம் 8 சதவீதம் தேய்ஞ்சிருக்கு"ன்னு மெசேஜ் வந்தா நீங்க ஏத்துப்பீங்களா? மலேசியாவில் 2013-ல் வந்த இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் இதை நேராவே பிரிச்சு வெச்சிருக்கு. டெபாசிட்னு போட்டா அசலுக்கு உத்தரவாதம். முதலீட்டுக் கணக்குன்னு போட்டா உத்தரவாதம் இல்லை, லாப நஷ்டம் உங்களோடது.

மலேசியான்னு சொன்னதும் ஞாபகம் வருது. கிள்ளான்ல என் பெரியப்பா மக ஒரு அக்கா இருக்காங்க. நெத்தி நிறைய குங்குமம் வெச்சிருப்பாங்க. வீட்டுக்கு நிதி வாங்கினது இஸ்லாமிய வங்கியில். அங்க அது சாதாரணம். எந்த மதத்துக்காரரும் போகலாம். முதல் இஸ்லாமிய வங்கி 1983-லயே வந்த நாடு அது.

அவங்ககிட்ட கேட்டேன்: "அக்கா, அங்க சென்ட்ரல் பேங்க் ரேட் ஏத்தினப்போ உங்களுக்கு ஏறுச்சா?"

"ஏறாம? எல்லாருக்கும் ஏறுச்சு, எனக்கும் ஏறுச்சு."

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 1.75 சதவீதத்துல இருந்த தன் கொள்கை விகிதத்தை 2022 மே மாசம் தொடங்கி ஒரு வருஷத்துல 3 சதவீதம் வரைக்கும் ஏத்துச்சு. விற்பனைன்னா விலையை ஏத்த முடியாதே, அப்புறம் எப்படி அக்காவுக்கு ஏறுச்சு? இங்கதான் சூட்சுமம்.

ஒரு உதாரணம். 3 லட்சம் ரிங்கிட், 30 வருஷம். ஒப்பந்தத்துல விற்பனை விலையை ஓர் உச்ச வரம்புல எழுதிடுவாங்க. அந்த வரம்பு 10 சதவீதம்னு வெச்சா, பத்திரத்துல விலை சுமார் 9 லட்சத்து 48 ஆயிரம் ரிங்கிட்! பார்த்தா மயக்கம் வரும். ஆனா மாசாமாசம் அவ்வளவு வாங்க மாட்டாங்க. நடப்பு விகிதம் 4 சதவீதம்னா, அந்தக் கணக்குப்படி 1,432 ரிங்கிட்தான் வாங்குவாங்க. மிச்சத்தைத் தள்ளுபடின்னு விட்டுடுவாங்க. அந்தத் தள்ளுபடிக்குப் பேர் 'இப்ரா'. மத்திய வங்கி விகிதத்தை ஏத்தினா விலை மாறாது, தள்ளுபடி குறையும். இறக்கினா தள்ளுபடி கூடும். முன்வாசல்ல விடாததைப் பக்கவாசல்ல விட்ட மாதிரிதான்.

மத்திய வங்கிக்கும் இது வசதி. அதோட கை இஸ்லாமிய வங்கிகளுக்கும் எட்டணுமே. மலேசியா 1994-ல் இஸ்லாமிய வங்கிகளுக்குன்னு தனிப் பணச்சந்தையைத் திறந்தது. அப்புறம் பாமாயிலை வெச்சே ஒரு முறை வந்தது. ஒரு வங்கி பாமாயிலை ரொக்கத்துக்கு வாங்கும், இன்னொண்ணுக்குத் தவணையில் கூடுதல் விலைக்கு விற்கும், அது உடனே சந்தையில் ரொக்கத்துக்கு வித்துடும். எண்ணெய் யார் சமையலறைக்கும் போகாது. பணம் கை மாறியிருக்கும். நம்ம ஆட்கள் வேர்வை சிந்தின அந்தத் தோட்டத்து எண்ணெய்தான் இப்போ வட்டிக்குப் பதிலா நிக்குது. இதை முழு மனசோடு ஏத்துக்காத இஸ்லாமிய அறிஞர்களும் உண்டு.

இது முஸ்லிம் நாடுகளோட விஷயம்னு நினைக்காதீங்க. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2021 டிசம்பர்ல, வட்டி வாங்காத வங்கிகள் தன்கிட்டப் பணம் போட்டு வைக்க ஒரு தனி வசதியைத் தொடங்கிச்சு. 'வகாலா'ங்கிற முகவர் முறையில், ஒரு நிதியிலிருந்து கிடைக்கும் வருமானத்தைக் கொடுக்கும். பக்கத்துல இலங்கை 2005-லயே தன் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழி விட்டது. அங்க அமானா வங்கி 2011-ல் தொடங்குச்சு. 2022 ஏப்ரல் 8 அன்னைக்கு இலங்கை மத்திய வங்கி ஒரே நாள்ல 7 சதவீதப் புள்ளி ஏத்துச்சு. ஊரெல்லாம் டெபாசிட்டுக்கு வாரிக் கொடுக்கும்போது, வட்டியில்லா வங்கி மட்டும் பழைய லாபத்தையே கொடுத்தா பணம் போட்டவங்க இருப்பாங்களா? அதனால எந்த நாடா இருந்தாலும் அதுவும் கூடவேதான் நகரணும்.

அப்போ மாமா சொன்னது தப்பு. ரெப்போ மாதிரியான விகிதம் வட்டி இல்லாத வங்கிக்குள்ளும் வரும். "இவங்களை விட்டா பணக் கொள்கையே கெட்டுப் போகும்"னு பயப்படுறவங்க சொல்றதும் தப்பு. மலேசியாவில் கெடலை.

சரி, எல்லாம் ஒண்ணுதான்னா எதுக்கு இவ்வளவு பேச்சு? ஒண்ணு இல்லை. மூணு இடத்துல வித்தியாசம் நிஜம். அக்காவோட ஒப்பந்தத்துல உச்ச வரம்பு இருக்கு. என்ன நடந்தாலும் பத்திரத்துல எழுதின விலைக்கு மேல ஒரு காசு வாங்க முடியாது. அண்ணன் ஒப்பந்தத்துல அப்படி ஒரு கூரை இல்லை. ரெண்டாவது, தவணை தவறினா அங்க ஈடு உண்டு, ஆனா அது குட்டி போடாது. வட்டிக்கு வட்டி கிடையாது. மூணாவது, குத்தகை மாதிரி ஒப்பந்தத்துல பொருள் வங்கியோட பேர்ல இருக்கிற வரைக்கும், அதோட உரிமையாளருக்கான பொறுப்பும் வங்கிக்கு உண்டு. கஷ்டகாலத்துல இந்த மூணும் சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். இங்க ஏன் இல்லை? நம்ம 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் கடன் கொடுக்கிற வங்கியை மனசுல வெச்சு எழுதினது. 8-வது பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கக் கூடாதுன்னு சொல்லுது. அப்போ டிராக்டர் வாங்கி விற்கிற முராபஹா முடியாது. 9-வது பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்கு இல்லாத நிலம், வீட்டைப் பொதுவா 7 வருஷத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுங்குது. அப்போ 20 வருஷ வீட்டுக் குத்தகை முடியாது. போதாததுக்கு, டெபாசிட்ல 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் மாதிரியான சொத்துல வைக்கணும். அரசுப் பத்திரம் வட்டி தரும் பத்திரம். ரிசர்வ் வங்கிகிட்ட ரொக்கமா வைக்கிற இருப்புக்கு வட்டி கிடையாது, அது ஒண்ணுதான் பிரச்சினை இல்லாதது.

2006-ல் ரிசர்வ் வங்கியோட பணிக்குழு, சட்டத்தை மாத்தாம முடியாதுன்னு சொன்னது. 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு, வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யலாம்னு பரிந்துரைச்சது. கேரளாவில் அரசு நிறுவனம் பங்கெடுத்த ஒரு முயற்சியை எதிர்த்து வழக்கு வந்தது, 2011 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2015 டிசம்பர்ல தீபக் மொகந்தி குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாத ஒரு தனி ஜன்னல் திறக்கலாம்னு சொல்லுச்சு. கடைசியில் 2017 நவம்பர்ல, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி பதில் சொன்னது: இதை மேலே கொண்டுபோகப் போறதில்லை, எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரவலான, சமமான வாய்ப்பு இருக்கு.

கவனிங்க. அந்தப் பதில்ல பணக் கொள்கைக்கு ஆபத்துன்னு சொல்லலை. சமமான வாய்ப்பு இருக்குன்னாங்க. மாமாவுக்கும் வங்கிக் கதவு திறந்துதான் இருக்கு. உள்ளே இருக்கிற பொருள்தான் அவர் எடுக்க முடியாதது.

கதவுக்கு வெளியே என்ன இருக்குன்னும் பார்க்கணும். பெங்களூர்ல ஐ.எம்.ஏ.ங்கிற நிறுவனம், ஹலால் லாபம் தரோம்னு பணம் வாங்குச்சு. 2019 ஜூன்ல கவிழ்ந்தது. பல்லாயிரம் குடும்பம் தெருவுக்கு வந்து நின்னது. அதுல மாமா மாதிரி வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டவங்களும் இருந்தாங்க. வங்கியா இருந்திருந்தா ரிசர்வ் வங்கியோட தணிக்கை இருந்திருக்கும், அப்போதைய வரம்பான 1 லட்சம் வரைக்கும் டெபாசிட் காப்பீடும் இருந்திருக்கும். நம்பிக்கையை யாரும் பீரோவில் பூட்டி வைக்க முடியாது. ஒழுங்கான வழி இல்லைன்னா அது ஒழுங்கில்லாத வழியில் போகும்.

என் கருத்தைச் சொல்லிடறேன். இது ஒரு மதத்துக்குச் சலுகையா வேணாம்கிற கேள்வியா எனக்குத் தெரியலை. உச்ச வரம்பு உள்ள, வட்டிக்கு வட்டி போடாத ஒரு ஒப்பந்தம் அண்ணனுக்கும் வேணும். கண்காணிப்புக்குள்ள இருக்கிற ஒரு சேமிப்பு மாமாவுக்கும் வேணும். மலேசிய அனுபவம் சொல்றது, ரெண்டையும் கொடுத்தாலும் மத்திய வங்கியோட கை கட்டப்படாதுங்கிறதைத்தான். அதே சமயம் 'வட்டி இல்லை'ன்னு போர்டு பார்த்து மயங்கவும் வேண்டாம். பணத்துக்குக் காலம்னு ஒரு விலை இருக்கு. அது ஒத்திப் பத்திரத்துலயும் இருக்கும், இப்ராவிலும் இருக்கும்.

அதனால, நீங்க எந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாலும் மூணு கேள்வி கேளுங்க. ரேட் ஏறினா யார் தலையில் விழும், அதுக்குக் கூரை உண்டா? ஒரு மாசம் தவறினா அந்த அபராதம் குட்டி போடுமா? நஷ்டம் வந்தா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கும் வலிக்குமா?

அண்ணன் விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ரேட் மாறினா தவணையை ஏத்துறதா, காலத்தை நீட்டுறதான்னு வங்கி வாடிக்கையாளர்கிட்ட கேட்கணும். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்பு கொடுக்கணும்னு அப்போ அதுல இருந்தது. அண்ணன் தவணையை ஏத்திக்கிட்டார். கூரை கிடைக்கலை, ஆனா முடியுற தேதியாவது தெரியுது. உங்களுக்கு வீட்டுக் கடன் இருந்தா, இன்னைக்கே போய் மிச்சம் எத்தனை மாசம்னு பாருங்க.

மாமா அந்தப் பணத்துல பாதியை எடுத்து ஊர்ல ஒரு கடை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கார். மீதி இன்னும் கரன்ட் அக்கவுன்ட்டில்தான் இருக்கு. போன வாரம் போன் பண்ணி, "தம்பி, அந்த மலேசியா அக்காவோட பத்திரத்தை ஒருதரம் அனுப்பு, படிச்சுப் பாக்கறேன்"னார். அனுப்பியிருக்கேன்.